போப்பையர்

கோயம்புத்தூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் மேட்டுப்பாளையத்தை அணுகும்போது, முகில் தவழும் முடிகளையுடைய நீலமலைத் தொடர் எதிரே எழுந்து நிற்பதைக் காண்பர். இந்நாளில் அம்மலைமீது இரயிலும் பேருந்தும் ஏறிச் செல்கின்றன. 1859-ஆம் ஆண்டில் இவ்வசதிகள் இல்லை. இருப்புப்பாதை மேட்டுப்பாளையத்தை எட்டியதே 1873-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் மலைமீது செல்ல விரும்பியோர் குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோ, கால்நடையாகவோ ஏறுவர்.

அந்த 1859-ஆம் ஆண்டில், மலைமேல் உள்ள உதகமண்டலத்தில் ஐரோப்பியச் சிறுவர்க்கென ஒரு பள்ளி தோன்றிற்று. அதனை நிறுவியவர்க்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அவர் தமிழ்நாட்டில் அடிவைத்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பெரிய பள்ளிகளை நடத்திப் புகழும் பெற்றிருந்தார், பழியும் பெற்றிருந்தார். அவரே ஜார்ஜ் உக்ளோ போப் ஆவார். சமயத் தொண்டர்களை ஐயர் என்று அழைப்பது அக்கால வழக்கமாதலின், தமிழ் மக்கள் அவரைப் போப்பையர் என்றே வழங்கினர்.

போப்பையர் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த இடம் இங்கிலாந்து அன்று. கானடா நாட்டின் கீழ்க்கடற்கரையை அடுத்துள்ள பிரின்ஸ் எட்வர்டு தீவு. அவருடைய தந்தையார் ஜான் போப் ஒரு வணிகர். மகன் சிறுவராயிருக்கும்போதே அக்குடும்பம் கடல் கடந்து இங்கிலாந்துக்குத் திரும்பியது. எனவே, பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணில் வேரூன்றி வளரும் வாழ்வு அவருக்கு இளமையிலேயே வாய்த்தது எனலாம். இங்கிலாந்தில் கல்வி பயின்றபோது, சமயப் பணிக்காகத் தென்னிந்தியா செல்லும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது. அவ்வெண்ணம் தோன்றியவுடன், கப்பல் ஏறும் நாள்வரை காத்திராமல், 1837-ஆம் ஆண்டிலேயே தமிழ் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினேழு.

1839-ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சூயசுக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல திங்கள் கடலிலே செல்லவேண்டும். ஏட்டில் கற்ற தமிழோடு கரையிறங்கிய அவ்விளைஞர், வாயில் வழங்கும் தமிழைக் கேட்டபோது எவ்வாறு திகைத்திருப்பார் என்பதை எளிதில் எண்ணிப் பார்க்கலாம். ழகரமும் றகரமும் அவர்தம் தாய்மொழியில் இல்லாத ஒலிகள். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே நிற்கும் சொல், தமிழில் வேற்றுமை உருபாகிப் பெயரின் பின்னே ஒட்டிக் கொள்ளும். ஆங்கில வாக்கியத்தின் நடுவில் நிற்கும் வினை, தமிழில் இறுதியிலே வந்து அமரும். முன்னிலையில் இருப்பவர் மன்னராயினும் மகனாயினும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என மதிப்புக்கு ஏற்பச் சொல் வேறுபடும். கேட்போரையும் உளப்படுத்தி நாம் என்பதும், அவரை விலக்கி நாங்கள் என்பதும் ஆங்கிலேயர் அறியாத நுட்பம். இதில் தவறினால் இலக்கணம் மட்டுமா பிழைபடும்? அருகிருப்பவரை அயலாராக்கிய குற்றமும் வந்து சேரும்.

இவற்றையெல்லாம் தாமே கற்றுத் தெளிய இயலாது என்று உணர்ந்து, போப்பையர் நல்லாசிரியரை நாடினார். முகவை இராமாநுச கவிராயர் அந்நாளில் சென்னையில் வாழ்ந்த பெரும்புலவர். இலக்கண இலக்கியங்களில் வல்லவர். துரு, வின்சுலோ முதலிய வெளிநாட்டறிஞர்க்கும் தமிழ் அறிவுறுத்தியவர். அவரிடம் போப்பையர் பாடம் கேட்டார். பிறர்க்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவர், தாம் முதலில் மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார்.

1842-ஆம் ஆண்டில் அவர் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். தூத்துக்குடிக்கு அணித்தாக உள்ள சாயர்புரம், சாயர் என்னும் வணிகர் வாங்கித் தந்த நிலத்தில் எழுந்த சிற்றூர். பனைமரங்களையன்றிப் பிறவற்றை மிகுதியாகக் காணவியலாத செம்மணற்பகுதி அது. அங்கே போப்பையர் ஓர் உயர்கல்விச்சாலையை நிறுவினார். எளிய குடிகளில் பிறந்த தமிழ்ச் சிறுவர்க்கு ஆங்கிலமும், அதனோடு இலத்தீன், கிரேக்கம் முதலிய பழமொழிகளும், கணிதமும் கற்பிக்கப்பட்டன. ஆக்சுபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பயிலும் மாணவர் கற்பவற்றைத் தம் மாணவரும் கற்கவேண்டும் என்பது அவரது பேரவா. பனங்காட்டில் பிறந்த பிள்ளைக்கு இத்துணைக் கல்வி எதற்கு என்று அவர் எண்ணவில்லை. அவருடைய மேன்மை இதில் விளங்குகிறது.

ஆயினும் அம்மேன்மையோடு ஒரு குறையும் பிணைந்திருந்தது. போப்பையர் கண்டிப்பில் அளவு கடந்தவர். நாள் முழுதும் உழைப்பது அவருக்கு இயல்பு. அவ்வுழைப்பைப் பச்சிளஞ் சிறுவரிடமும் எதிர்பார்த்தார். பாடம் ஒப்பியாதவரைப் பிரம்பு கொண்டு ஒறுத்தார். அவரைப் பற்றி எழுதிய பலரும், அவரைப் போற்றுவோர் உட்பட, இதனை மறைத்திலர். பள்ளியில் பிரம்பு வழங்குவது அக்காலத்தில் இங்கிலாந்திலும் இயல்பே. நம் திண்ணைப் பள்ளிகளிலும் சட்டாம்பிள்ளையின் கோல் ஓய்ந்திருந்ததில்லை. எனினும், அக்காலத்தாரே மிகையென்று கருதும் அளவுக்கு அவரது கண்டிப்பு இருந்தது. அயல்மொழியைக் கற்கும் பிள்ளை தவறு செய்வது சோம்பலால் மட்டும் அன்று. தாய்மொழியின் அமைப்பு அதன் நாவைத் தன்பால் இழுப்பதாலும் ஆகும். தமிழ் கற்றபோது தாமே பட்ட இடர்ப்பாட்டை, தம்முன் நின்ற சிறுவரிடத்தில் அவர் போதிய அளவு காணவில்லை போலும்.

சாயர்புரத்து ஆண்டுகளிலேயே அவருக்குப் பெருந்துயர் ஒன்றும் நேர்ந்தது. 1841-இல் அவர் மணந்த மேரி அம்மையார் 1845-இல் தூத்துக்குடியில் காலமானார். இருபத்தைந்து வயதில், சுற்றத்தார் எவரும் அருகில் இல்லாத நாட்டில், அத்துன்பத்தை அவர் தாங்கினார். பள்ளிப்பணி நிற்கவில்லை. பின்னர் 1849-ஆம் ஆண்டில் சென்னையில் ஹென்றியெட்டா அம்மையாரை மணந்து, தாயகம் சென்று, 1851-ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்தார்.

தஞ்சையில் அவர் பள்ளியை வளர்த்தார். ஆனால், உடன் பணியாற்றியோருடன் மாறுபாடுகள் தோன்றின. பிரம்பும் அவரை விட்டு நீங்கவில்லை. இவற்றின் முடிவாக அவர் தஞ்சையை விட்டு நீங்கும் நிலை உண்டாயிற்று. ஆயினும், தமிழ்ப் புலமையில் அவர் பேரளவு முன்னேறிய காலமும் அதுவே. தமிழ்ச் சிறுவர்க்கென வினாவும் விடையுமாக அமைந்த எளிய இலக்கண நூல்களை இயற்றினார். தமிழ் கற்க விழையும் வெளிநாட்டார்க்கென அவர் எழுதிய கைந்நூல், பாடம் பாடமாக, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக ஏறிச் செல்லும். தாம் தடுக்கி விழுந்த இடங்களில் எல்லாம் பின்வருவோர்க்கு ஒரு விளக்கை ஏற்றி வைத்தது போன்றது அந்நூல். அது பல பதிப்புகள் கண்டது.

தஞ்சை வாழ்வின் இறுதியில் அவர் வெளியிட்ட பெரிய இலக்கண நூலில் நன்னூலையும் சேர்த்துப் பதிப்பித்தார். கொங்கு நாட்டார்க்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சமண முனிவர் ஆவார். பெருந்துறைக்கு அருகில் உள்ள சீனாபுரமே அவர் வாழ்ந்த சனகாபுரம் என்று அப்பகுதியினர் இன்றும் போற்றுகின்றனர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் அந்நூலைச் செய்தார். எழுத்தையும் சொல்லையும் கூறப் புகுமுன், கற்பிப்போர் எத்தகையராயிருத்தல் வேண்டும், கற்போர் எத்தகையராயிருத்தல் வேண்டும் என்பதை அவர் பாயிரத்தில் விரித்துரைக்கிறார். ஆசிரியனுக்கு அவர் காட்டும் உவமைகள் நான்கு: நிலம், மலை, துலாக்கோல், மலர். நிலம் அகலமும் பொறுமையும் உடையது. மலை அளக்க இயலாத வளமும், அசையாத நிலையும், மழை பொய்த்த காலத்தும் நீர் தரும் வண்மையும் உடையது. துலாக்கோல் ஐயம் அறுத்து நடுநிலை காட்டும். மலர் மென்மையும் முகமலர்ச்சியும் உடையது.

இந்நான்கினுள் மலையின் இயல்பு போப்பையரிடம் நிறைந்திருந்தது. துலாக்கோலின் நேர்மையும் இருந்தது. மலரின் மென்மையோ அரிதாகவே காணப்பட்டது. பவணந்தியார் பாயிரத்தைப் பதிப்பித்த கையிலேயே பிரம்பும் இருந்தது என்பது எண்ணத்தக்கது.

அவ்வாறு தஞ்சையை விட்டவர் வந்து சேர்ந்த இடமே உதகமண்டலம். அந்நாளில் அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. கோவைக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலமலைமேல் ஏறி, அதன் குளிர்ச்சியில் ஈடுபட்டு, பின்னர் அங்கே வீடு கட்டி, ஏரி அமைத்து ஊரை வளர்த்தார். நீலகிரி தனியாகப் பிரிக்கப்பட்டது 1868-ஆம் ஆண்டிலேயாம். மலைமேல் வெள்ளையர் குடியிருப்புகள் பெருகவே, அவர்தம் பிள்ளைகளின் கல்வி பெருங்கவலையாயிற்று. பொருள் வளம் உடையோர் தம் மக்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினர். ஏனையோர் யாது செய்வர்? 1858-இல் போர்வீரரின் பிள்ளைகளுக்காக லாரன்சு பள்ளி உதகையில் தோன்றியது. அதனையடுத்துப் போப்பையரின் பள்ளி எழுந்தது. மலைக்குக் கீழே கோவை நகரில், ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1862-இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கோ, இலண்டன் மிஷனைச் சார்ந்த ஆடிஸ் பாதிரியார் 1830-ஆம் ஆண்டையொட்டிக் கோவைக்கு வந்த காலத்திலிருந்தே பள்ளிகள் இருந்தன. கொங்கு நாட்டில் ஆங்கிலக் கல்வி காலூன்றிய வகை இது.

உதகையில் போப்பையர் கண்ட மாணவர் சாயர்புரத்து மாணவரின் வேறானவர். தமிழ்ச் சிறுவனுக்கு ஆங்கிலம் அயல்மொழி. மலைநாட்டு வெள்ளைச் சிறுவனுக்கோ அது பெற்றோர் மொழி. ஆனால் அம்மொழி வழங்கும் நாட்டை அவன் கண்டதில்லை. ஆயாவின் மடியில் தமிழ் கேட்டு வளர்ந்தவன்; நூலில் படிக்கும் ஓக் மரத்தையும் பனிமழையையும் கண்ணால் அறியாதவன். தான் எந்நாட்டான் என்னும் வினாவுக்கு விடை காண்பது அத்தகைய சிறுவனுக்கு எளிதன்று. கானடாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, தமிழகத்தில் வாழ்ந்த ஒருவர் அவர்க்கு ஆசிரியராய் அமைந்தது பொருத்தமே. போப்பையர் அங்கே பதினோராண்டளவு உழைத்தார். 1864-இல் கான்டர்பரிப் பேராயர் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கினார்.

மலைவாழ்வில் அவர் தமிழை மறந்திலர். அதனோடு, நீலமலைத் தொதவர் பேசும் மொழியிலும் கருத்தைச் செலுத்தினார். எருமை மேய்த்துப் பாலும் நெய்யுமாக வாழும் தொதவர் தொகையில் மிகச் சிலர். எழுத்து இல்லாத மொழியினர். அவரை எங்கிருந்தோ வந்த விந்தை மக்களாகக் கருதி வெள்ளையர் பலர் பலவாறு கதை கட்டினர். போப்பையரோ அவர்தம் சொற்களையும் விகுதிகளையும் ஆராய்ந்தார். அம்மொழி தமிழுக்கும் கன்னடத்துக்கும் உறவுடைய திராவிட மொழியே என்று காட்டினார். அவர் வரைந்த தொதவ இலக்கணச் சுருக்கம், மார்ஷல் என்னும் படைத்தலைவர் தொதவரைப் பற்றி எழுதி 1873-இல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. கட்டுக்கதையை இலக்கணம் வென்ற இடங்களுள் இஃதொன்று.

1871 முதல் 1882 வரை பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராயிருந்து, பின்னர் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். வந்தபோது பத்தொன்பது வயது, திரும்பியபோது அறுபத்திரண்டு. பிறர் ஓய்வு பெறும் வயதில் அவரது வாழ்வின் பெரும்பணி தொடங்கிற்று.

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் அவர் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். இந்தியாவில் கலெக்டராகவும் நீதிபதியாகவும் பணியாற்றச் செல்லும் இளைஞர் அவரிடம் தமிழ் பயின்றனர். ஒரு காலத்தில் தமிழ்ச் சிறுவர் ஆங்கில எழுத்தோடு போராடியதைக் கண்டவர், இப்போது ஆங்கில இளைஞர் ழகரத்தோடு போராடுவதைக் கண்டார். சாயர்புரத்தில் அவர் நின்ற திசைக்கு நேர் எதிர்த் திசையில் காலம் அவரைத் திருப்பி நிறுத்திவிட்டது.

1886-ஆம் ஆண்டில் அவரது திருக்குறள் மொழிபெயர்ப்பு ஆங்கிலச் செய்யுள் வடிவில் வெளிவந்தது. 1893-இல் நாலடியார் வந்தது. திருக்குறளைப் பற்றிய ஆராய்ச்சியுரையில், மயிலாப்பூரில் கிறித்தவப் போதகரின் கருத்துகளை வள்ளுவர் கேட்டறிந்திருக்கக்கூடும் என்று அவர் ஊகித்தார். வள்ளுவரது காலத்தையும் மிகவும் பிற்காலமாகக் கொண்டார். இவ்வூகத்துக்குச் சான்று இல்லை. தமிழறிஞர் இதனை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. தாம் நேசித்த நூலில் தம் சமயத்தின் சாயலைக் காண விரும்பிய உள்ளத்தின் வேலை அது. பெரியோர் கூற்றாயினும் சான்றின்றேல் கொள்ளாது விடுதலே முறை. அதனால் அவரது மொழிபெயர்ப்பின் பெருமை சிறிதும் குறைவதில்லை.

திருவாசகத்தை மொழிபெயர்க்க அவர் எண்ணியபோது முதுமை வந்துற்றது. அப்பணி முடியும்வரை தாம் உயிர்வாழ்தல் அரிது என்று, பேலியல் கல்லூரித் தலைவரும் தம் நண்பருமாகிய ஜோவெட் என்னும் பேரறிஞரிடம் கூறினார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதே நெடுநாள் வாழ்வதற்கு வழி என்னும் பொருள்பட ஜோவெட் விடையிறுத்தார். ஜோவெட் 1893-இல் காலமானார். போப்பையர் உழைத்துக்கொண்டே இருந்தார். சைவ சமயத்தின் உயிர்நூலாகிய திருவாசகத்தைக் கிறித்தவச் சமயத் தொண்டர் குழுவைச் சார்ந்த ஒரு முதியவர், சித்தாந்த நூல்களை ஓதி, ஐயுற்ற இடங்களைத் தமிழ்நாட்டு அறிஞர்க்கு மடல் எழுதிக் கேட்டுத் தெளிந்து மொழிபெயர்த்தார். 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்த நாளன்று, அந்நூலின் முன்னுரையில் கையெழுத்திட்டார். அவர் தமிழின் முதல் எழுத்தைக் கற்று அப்போது அறுபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் மொழிபெயர்த்து இதழ்களில் வெளியிட்டார். 1906-இல் இராயல் ஆசியக் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் போப்பையர் ஆக்சுபோர்டில் இயற்கை எய்தினார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய இரயில் உதகமண்டலத்தை அடைந்ததும் அவ்வாண்டின் பிற்பகுதியிலேயாம்.

தம் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறிக்கவேண்டும் என அவர் விரும்பியதாகவும், அவ்வாறே பொறிக்கப்பட்டிருப்பதாகவும் தமிழ்நாட்டில் ஒரு செய்தி நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவர் வாழ்வுக்கு அது மிகப் பொருந்துவதாயினும், அச்சொற்கள் அக்கல்லில் இல்லை. ஆக்சுபோர்டில் தூய செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அக்கல்லில் காணப்படுவது வேறு. தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்று அவரைக் குறித்து, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று அவர் பணியைக் கூறி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு அக்கல்லை நிறுவினர் என்று அது தெரிவிக்கிறது. அதற்கு வேண்டிய பொருளின் ஒரு பகுதி, செல்வக்கேசவராய முதலியார் முதலிய அன்பர்கள் முயன்று தமிழ்நாட்டில் திரட்டி, கடல் கடந்து அனுப்பியது ஆகும்.